கிட்டாரைப் பேச வைத்தவர்

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், இசைக்குடும்பத்தில் பிறந்தவர் லானி ஜான்சன். இலண்டன் சென்றிருந்த அவர் 1919இல் வீடு திரும்பியபோது, ஒரு சகோதரரைத் தவிரக் குடும்பத்தினர் அனைவரையும் இன்ஃபுளுயன்சா கொள்ளைநோய் கொண்டுபோயிருந்தது. 1925இல் செயின்ட் லூயிஸ் நகரில் ப்ளூஸ் போட்டியில் வென்று இசைத்தட்டு ஒப்பந்தம் பெற்றார். பெரும்பாலும் தாளத்துக்குத் துணையாகவே ஒலித்துவந்த கிட்டார், தந்தி தந்தியாக மீட்டிய அவர் விரல்களில் தனிக்குரல் பெற்றது. ப்ளூஸ் பாடகரான அவரை ஜாஸ் மேதைகளும் நாடினர். 1927இல் லூயி ஆம்ஸ்ட்ராங்குடனும் மறு ஆண்டு டியூக் எலிங்டனுடனும் வாசித்தார். வெள்ளையரான எடி லாங் அவருடன் இணைந்து வாசித்த தட்டுகளில் கறுப்பினக் கலைஞர்போலப் புனைபெயர் பூண்டார். நிறம் பிரித்து இசை விற்ற காலம் அது. பின்னர்ப் புகழ் மங்கியது. 1959இல் பிலடெல்பியா விடுதியொன்றில் துப்புரவுப் பணி செய்துகொண்டிருந்தவரை வானொலி அறிவிப்பாளர் கிறிஸ் ஆல்பர்ட்சன் கண்டறிந்தார். விரல்கள் எதையும் மறந்திருக்கவில்லை. மீண்டும் மேடையேறிய ஜான்சன், 1970இல் கனடாவின் டொராண்டோ நகரில் மறைந்தார்.