அளவுகோலை அளந்தவர்

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் எங்கள் அக்காமாருக்கு இசட் புள்ளிதான் எப்போதும் பேச்சு. அது எப்படிக் கணிக்கப்படுகிறது என்று தேடிய வழியில் நான் கண்டெடுத்த மனிதர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். அந்தப் புள்ளியை உண்டாக்கியவர் அவரல்லர். ஆனால் புள்ளிகளைக் கேள்வி கேட்கத் தெரிந்தவர்.

1893 ஜூன் 29இல் கல்கத்தாவில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பௌதிகவியல் படித்தார். 1915இல் ஊர் திரும்பப் புறப்பட்டபோது போரினால் கப்பல் தாமதமானது. அந்த இடைவெளியில் நூலகத்தில் 'பயோமெட்ரிகா' என்ற புள்ளிவிபரவியல் சஞ்சிகை அவர் கண்ணில் பட்டது. தொகுதிகளை வாங்கிக் கப்பலிலேயே படித்துக்கொண்டு வந்தார். கப்பல் நேரத்துக்குப் புறப்பட்டிருந்தால்? எண்ணிப் பார்க்கிறேன்.

கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகவியல் கற்பித்துக்கொண்டிருந்தவரிடம், தத்துவப் பேராசிரியர் பிரஜேந்திரநாத் சீல் பல்கலைக்கழகப் பரீட்சைப் பெறுபேறுகளை ஆராயும்படி கேட்டார். புள்ளிவிபரவியலில் அவருடைய தொடக்க வேலைகளுள் அதுவும் ஒன்று. 1931இல் இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1933இல் 'சங்க்யா' சஞ்சிகை வந்தது. அதே காலத்தில் வங்காள மொழி நுண்ணறிவுப் பரீட்சையொன்றின் நம்பகத்தன்மையையும் ஆராய்ந்தார்.

நம்பகத்தன்மை என்றால் என்ன? ஒரே பிள்ளையை ஒரே பரீட்சையால் இரு தடவை அளந்தால் ஏறத்தாழ ஒரே விடை வரவேண்டும். வினாத்தாளை இரண்டாகப் பிரித்து, இரு பாதிகளின் புள்ளிகளும் ஒத்துப்போகின்றனவா என்றும் பார்க்கலாம். ஒத்துப்போகாவிட்டால் குறை பிள்ளையிடம் இல்லை, தாளில். நல்லதண்ணியில் கொழுந்து நிறுக்கும் தராசு பிசகினால் கொழுந்தெடுத்த பெண்ணையா குறை சொல்வது? மின்படிக்கட்டைப் பற்றி வினா வந்தால் கொழும்புப் பிள்ளை உடனே விடை எழுதிவிடும். லயத்துப் பிள்ளை விழிக்கும். அது அறிவின் வித்தியாசமா?

சணல் பயிர்க் கணக்கெடுப்பிலும் இதே சந்தேகம் அவரை விடவில்லை. ஒரே நிலப்பரப்புக்கு இரு குழுக்களைத் தனித்தனியே அனுப்பி, இரு கணக்குகளையும் ஒப்பிட்டார். வித்தியாசமே பிழையைக் காட்டிக்கொடுத்தது.

இந்தியாவின் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தை வகுத்தவர் என்றுதான் உலகம் அவரை அதிகம் நினைக்கிறது. எனக்கோ அந்த வங்காளப் பரீட்சை ஆய்வே பெரிதாகத் தெரிகிறது.

1972 ஜூன் 28இல், எழுபத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு முதல்நாள், அவர் மறைந்தார். இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்து, யாருடைய புள்ளி யாருடையதற்குச் சமம் என்ற வாதம் சூடாக நடந்துகொண்டிருந்த காலம் அது.