சுவைஞராய் வாழ்ந்த கலைஞர் சத்தியஜித் ரே

படைப்பாளியை உலகம் போற்றுகிறது. அவருள் வாழும் சுவைஞரை எண்ணிப் பார்ப்போர் சிலரே. நூல்களைத் தேடிப் படித்தும், ஓவியங்களை ஊன்றி நோக்கியும், இசையில் தோய்ந்தும் பண்பட்ட உள்ளமே பின்னாளில் படைக்கும் ஆற்றலைப் பெறுகிறது. இவ்வுண்மைக்கு வங்கத் திரைப்பட மேதை சத்தியஜித் ரேயின் வாழ்க்கை தக்கதொரு சான்றாகும்.

பிறப்பும் கல்வியும்

1921ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் ரே கல்கத்தாவில் பிறந்தார். பாட்டனார் உபேந்திரகிஷோர் எழுத்தாளர், ஓவியர், அச்சுக்கலை வல்லுநர், 1913இல் 'சந்தேஷ்' என்னும் சிறுவர் இதழைத் தொடங்கியவர். தந்தையார் சுகுமார் ரே நகைச்சுவைப் பாடல்களால் வங்கக் குழந்தைகளின் நெஞ்சில் நிலைத்தவர். அத்தந்தையாரை ரே மூன்று அகவை நிரம்பும் முன்னரே இழந்தார். குடும்பத்தின் அச்சகமும் சில ஆண்டுகளில் கைவிட்டுப் போயிற்று. தாயார் சுப்ரபா தம் உடன்பிறந்தார் இல்லத்தில் தங்கி மகனை ஆளாக்கினார்.

பிரசிடென்சி கல்லூரியில் பொருளியலில் பட்டம் பெற்ற ரே, அன்னையின் விருப்பத்திற்கிணங்க 1940இல் சாந்திநிகேதன் சென்று ஓவியம் பயின்றார். நந்தலால் போஸ், பினோத் பிஹாரி முகர்ஜி ஆகியோர் அவர்தம் ஆசான்கள். அஜந்தா, எல்லோரா சென்று கண்ட காட்சிகள் இந்தியக் கலையின்பால் அவர் கண்களைத் திறந்தன. அங்கிருந்த நூலகமோ மற்றோர் ஆசானாக விளங்கிற்று. திரைப்படக் கலை பற்றிய நூல்களை அவர் கண்டெடுத்தது அங்கேதான்.

சுவைஞரின் தவம்

படிப்பை முடிக்காமலே கல்கத்தா திரும்பியவர், 1943இல் ஆங்கிலேய விளம்பர நிறுவனம் ஒன்றில் மாதம் 80 ரூபாய் ஊதியத்தில் ஓவியராய் அமர்ந்தார். சிக்னெட் பதிப்பகத்தின் நூல்களுக்கு அட்டை வரைந்தார். விபூதிபூஷண் பந்தோபாத்தியாயரின் 'பதேர் பாஞ்சாலி' புதினத்தின் சிறுவர் பதிப்பிற்குப் படம் வரைந்தபோது, அக்கதை அவர் நெஞ்சில் காட்சிகளாய் விரிந்தது.

திரைப்படத்தைக் கற்றோர் பலரும் வெறும் பொழுதுபோக்காய்க் கருதிய காலம் அது. ரே 1947இல் சிதானந்த தாஸ்குப்தா முதலிய நண்பர்களுடன் கல்கத்தா திரைப்படக் கழகத்தை நிறுவினார். ஒரு கதை படமாகப் போவதாகக் கேள்வியுற்றால், அதற்குத் தாமே திரைக்கதை எழுதி வைத்துக்கொண்டு, படம் வெளிவந்ததும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். 1948இல் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இந்தியப் படங்களின் குறைகளை ஆராய்ந்து கட்டுரை வரைந்தார். 1950இல் அலுவல் நிமித்தம் இலண்டன் சென்றபோது, சில மாதங்களில் ஏறத்தாழ நூறு படங்களைக் கண்டார். அவற்றுள் இத்தாலிய நாட்டின் 'சைக்கிள் திருடர்கள்' அவருக்கு வழிகாட்டியாயிற்று. பெரும் அரங்கமும் புகழ்பெற்ற நடிகரும் இன்றியே சிறந்த படம் எடுக்கலாம் என்னும் துணிவை அது தந்தது.

சோதனையும் சாதனையும்

பிறர் படைப்பின் குறையைச் சுட்டியவர் தாமே படைத்துக் காட்டும் பொறுப்பை ஏற்றார். 1952 அக்டோபரில் 'பதேர் பாஞ்சாலி' படப்பிடிப்பு தொடங்கியது. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா இளைஞர். திரைப்படக் கருவியை அதற்குமுன் இயக்கியறியாதவர். வெண்ணிற நாணற்பூக்கள் நிறைந்த வெளியில் முதற்காட்சியின் ஒரு பகுதியை எடுத்தனர். அடுத்த வாரம் சென்றபோது பூக்களையெல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மீண்டும் அவை பூக்கும்வரை அடுத்த பருவத்திற்குக் காத்திருக்க நேர்ந்தது.

பொருள் முட்டுப்பாடு அதனினும் கொடியது. தயாரிப்பாளர்கள் கைவிரித்தனர். ஆயுள் காப்பீட்டை அடகு வைத்தார். மனைவியார் பிஜோயாவின் நகைகளும் அடகுக்குச் சென்றன. தம்மை உருவாக்கிய கலை நூல்களையும் இசைத்தட்டுகளையும்கூட விற்றார். சுவைஞர் ஒருவர் தம் செல்வத்தையெல்லாம் கொடுத்துப் படைப்பாளியான நேரம் அதுவே எனலாம். ஈற்றில் மேற்கு வங்க அரசின் பொருளுதவியால் படம் நிறைவுற்று 1955இல் வெளிவந்தது. 1956இல் கான் திரைப்பட விழாவில் சிறப்புப் பரிசும் பெற்றது.

புகழ் வந்தபின்னும் சுவைஞர் மாயவில்லை. 1958இல் வெளிவந்த 'ஜல்சாகர்' படத்தில் விலாயத் கானின் இசையையும் பேகம் அக்தரின் பாடலையும் அமைத்துப் போற்றினார். பாட்டனாரின் 'சந்தேஷ்' இதழை 1961இல் நண்பருடன் மீண்டும் தொடங்கிச் சிறுவர்க்குக் கதைகள் எழுதினார். பார்வையிழந்த நிலையிலும் கலைப்பணி தொடர்ந்த தம் ஆசான் பினோத் பிஹாரியைப் பற்றி 1972இல் ஆவணப்படம் எடுத்து நன்றிக்கடன் செலுத்தினார். தமிழகத்தின் நாட்டியப் பேரொளி பாலசரசுவதியையும் 1976இல் 'பாலா' என்னும் படத்தில் பதிவு செய்தார்.

1992இல் ஆஸ்கர் சிறப்பு விருதும் பாரத ரத்னாவும் அவரை நாடி வந்தன. அவ்வாண்டு ஏப்ரல் 23ஆம் நாள் அவர் மறைந்தார்.

இளைஞர்களே! நம் கல்லூரிகள் ஒவ்வொன்றிலும் நூலகம் உண்டு. அங்கு எவரும் தீண்டாமல் தூசு படிந்து கிடக்கும் ஒரு நூல், உங்களுள் உறங்கும் கலைஞரை எழுப்பக்கூடும். நன்கு சுவைக்கக் கற்போம். பிறர் குறை காணுமிடத்து நாமே நிறைவானதைச் செய்து காட்டும் துணிவும் கொள்வோம். ரேயின் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.