தத்துவ போதகர்: தமிழராய் வாழ்ந்த உரோமைத் துறவி

இராயபுரம் என்னும் ஊர்ப்பெயர் வடசென்னை மக்களின் நாவில் நாள்தோறும் புரள்வது. அப்பெயர் இராயப்பரால் வந்தது என்பர். இராயப்பர் என்பவர் வேறு யாருமல்லர்; இயேசுபிரானின் முதன்மைச் சீடராகிய பேதுருவே. பேதுரு என்னும் கிரேக்கப் பெயருக்குப் பாறை என்பது பொருள். கல்லைக் குறிக்கும் ராயி என்னும் தெலுங்குச் சொல்லையொட்டி அவர் இங்கே இராயப்பர் ஆனார். சிறியவர் எனப் பொருள்படும் பவுல் சின்னப்பர் ஆனார். இறைவனின் அருளைச் சுட்டும் யோவான் அருளப்பர் ஆனார். பெருக்கத்தைக் குறிக்கும் சூசையின் பெயரை, வீரமாமுனிவர் தம் தேம்பாவணியில் வளன் என்று அழகுற ஆக்கினார். கடல் கடந்து வந்த ஒரு சமயம் தன் பெயர்களையே இம்மண்ணின் மொழிகளில் பெயர்த்துக்கொண்டது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இப்பெயர்களை எல்லாம் ஒருவரே ஆக்கினார் என்று சொல்வதற்கில்லை. ஆயினும், ஒரு மக்களின் மொழியிலும் பழக்கவழக்கங்களிலும் நல்லன உள்ளன, அவற்றைக் கற்ற பின்னரே அவர்களுக்குக் கற்பிக்கும் தகுதி வரும் என்னும் நெறியைத் தமிழகத்தில் தம் வாழ்வாகவே ஆக்கிக்கொண்டவர் ஒருவர் உண்டு. அவர்தாம் தத்துவ போதகர் என்று தமிழர் அழைத்த இராபர்ட் டி நொபிலி. அவருடைய வாழ்வின் பெருமையையும், அதனுள் மறைந்து கிடக்கும் ஒரு பெரும் வினாவையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பிறப்பும் வருகையும்

நொபிலி 1577 ஆம் ஆண்டு இத்தாலிய உயர்குடி ஒன்றில் பிறந்தார். திருச்சபையின் பேரறிஞராகத் திகழ்ந்த கர்தினால் பெல்லார்மின் அவருக்கு உறவினர். செல்வமும் பதவியும் காத்திருந்த நிலையில், 1596 இல் அவற்றை உதறி இயேசு சபையில் சேர்ந்தார். 1604 இல் லிஸ்பனில் கப்பலேறி, 1605 மே மாதம் கோவாவை அடைந்தார். கொச்சியிலும் முத்துக்குளித்துறையிலும் தங்கித் தமிழ் பயின்றார். 1606 நவம்பரில் நாயக்கர் தலைநகராகிய மதுரைக்கு வந்து சேர்ந்தார்.

மதுரையில் அவருக்கு முன்னரே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் போர்த்துகீசியப் பாதிரியார் ஏறத்தாழப் பதினோர் ஆண்டுகள் பணியாற்றி வந்தார். முத்துக்குளித்துறையிலிருந்து வந்து போகும் பரதவக் கிறித்தவர்களுக்கு அவர் குருவாக இருந்தார். பள்ளி நடத்தினார், நோயுற்றோரைப் பேணினார். நல்லவர் என்றே மக்கள் அவரைக் கருதினர். எனினும் மதுரை மக்களுள் ஒருவர்கூட அவருடைய சமயத்தை நாடவில்லை. ஏன் என்று நொபிலி ஆராய்ந்தபோது, விடை ஒரு சொல்லில் இருந்தது.

பரங்கி என்னும் சொல்

அச்சொல் பரங்கி என்பது. பாதிரிமார் அதைக் கிறித்தவர் என்னும் பொருளில் வழங்கினர். திருமுழுக்குப் பெற வருவோரிடம் பரங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்றே வினவினர். மக்களுக்கோ அச்சொல் போர்த்துகீசியரைக் குறித்தது. மாட்டிறைச்சி உண்பவர், மது அருந்துபவர், குளியாதவர், படைவலியால் கடற்கரையை ஆள்பவர் என்னும் பொருள்கள் யாவும் அதனுள் அடங்கியிருந்தன. ஆகவே, சமயம் மாறுதல் என்பது தம் மக்களை விட்டு அயலார் குலத்திற்குப் போதல் என்றே அவர்கள் விளங்கிக்கொண்டனர்.

ஒரு சொல்லை இருவர் இருவேறு பொருளில் ஆண்டால் எத்துணைப் பெரிய சுவர் எழும்பிவிடுகிறது என்பதைக் கவிஞர்கள் அறிவர். நொபிலி அச்சுவரைக் கண்டுகொண்டார். தாம் பரங்கி அல்லர், உரோமை நாட்டிலிருந்து வந்த துறவி என்று அறிவித்தார். பெர்னாண்டஸ் பாதிரியாரின் இல்லத்திலிருந்து பிரிந்து தனியே குடியேறினார். கறுப்பு அங்கியைக் களைந்து காவி உடுத்தார். பாதக் குறடு அணிந்தார். நாளுக்கு ஒரு வேளை, அதுவும் மரக்கறி உணவே உண்டார். நெற்றியில் சந்தனம் தரித்தார்.

மாணவராகிய குரு

உடையை மாற்றுதல் எளிது. அறிவை மாற்றிக்கொள்வதே அரிது. நொபிலி செந்தமிழ் கற்றார். நாயக்கர் அவையில் வழங்கிய தெலுங்கும் கற்றார். சிவதர்மர் என்னும் அந்தண அறிஞரை அடுத்து வடமொழியும் பயின்றார். வடமொழியில் புலமை பெற்ற முதல் ஐரோப்பியர் அவரே என்று மாக்ஸ் முல்லர் போன்ற அறிஞர்கள் மதித்தனர். தொடக்கத்தில் அவரோடு இருபது நாள்கள் சமய வாதம் நிகழ்த்திய பள்ளி ஆசிரியர் ஒருவரே மதுரையில் அவருடைய முதல் சீடரானார். பின்னர், ஆசானாக வந்த சிவதர்மரும் சீடரானார்.

ஒன்றை இங்கே தெளிவுபடுத்துதல் வேண்டும். பிற பண்பாட்டை மதித்தல் என்பது எல்லாவற்றிற்கும் தலையசைத்தல் அன்று. மறுபிறப்புக் கொள்கையை மறுத்துப் புனர்ஜென்ம ஆட்சேபம் எழுதியவர் நொபிலி. தம் சமயத்தின்மீது சுமத்தப்பட்ட பழிகளுக்கு மறுமொழியாகத் தூஷண திக்காரம் எழுதியவரும் அவரே. மாறுபட்ட கருத்தை அவர் ஒளிக்கவில்லை. ஆனால் எதிர்ப்பவரின் நூலை எதிர்ப்பவரின் மொழியிலேயே கற்று, அவருடைய தருக்க முறையிலேயே நின்று வாதிட்டார். கல்லாமல் இகழ்வது அவரிடம் இல்லை.

வழக்கும் தீர்ப்பும்

எதிர்ப்பு சொந்த வீட்டிலிருந்தே எழுந்தது. பூணூலும் குடுமியும் சந்தனமும் பிற சமயச் சின்னங்கள். அவற்றை அணிய விடுதல் சமயத் துரோகம் என்று பெர்னாண்டஸ் பாதிரியார் 1610 இல் மேலிடத்துக்கு முறையிட்டார். செய்தி உரோமை வரை எட்டியது. கர்தினால் பெல்லார்மினே முதலில் மனம் வருந்தினார். விளக்கம் பெற்ற பின் தெளிந்தார். 1619 இல் கோவாவில் கூடிய ஆலோசனைப் பேரவையில் பெரும்பாலோர் நொபிலிக்கு எதிராகவே நின்றனர். இத்தகைய வழக்கு அக்காலத்தில் இங்கு மட்டும் எழுந்ததன்று. சீனத்தில் மத்தேயோ ரிச்சி கன்பூசிய அறிஞரின் உடை தரித்து மேற்கொண்ட பணியும் இதே வினாவையே எழுப்பியது.

நொபிலி தம் வாதத்தை இலத்தீனில் விரிவாக எழுதினார். சமயம் வேறு, சமுதாய வழக்கம் வேறு என்பதே அதன் உயிர்நாடி. பூணூலும் குடுமியும் வழிபாட்டுக்கு உரியன அல்ல, குலத்தையும் கல்வியையும் காட்டும் அடையாளங்களே என்று வடமொழி அற நூல்களைக் கொண்டே அவர் நிறுவ முயன்றார். 1623 சனவரி 31 இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் வழங்கிய ஆணை, மூடநம்பிக்கையின் கலப்பு நீங்கினால் அவ்வழக்கங்கள் தொடரலாம் என்று இசைந்தது.

உரைநடைப் பணி

இலக்கிய அன்பர்களுக்கு நொபிலி அளித்த கொடை அவருடைய உரைநடையாகும். தமிழில் செய்யுளே கோலோச்சிய காலத்தில் ஞானோபதேசம், ஆத்தும நிருணயம் முதலிய உரைநடை நூல்களை அவர் இயற்றினார். கடவுள், ஆன்மா, காரணம், காரியம் பற்றிய நுண்ணிய வாதங்களைத் தமிழ் உரைநடையில் தொடர்ச்சியாகச் சொல்ல இயலும் என்று காட்டினார். அவருக்கு முன் கிறித்தவத் தமிழில் போர்த்துகீசியச் சொற்கள் மிகுதியும் விரவிக் கிடந்தன. கோவில், குரு, வேதம், பூசை, பிரசாதம் போன்ற சொற்கள் கத்தோலிக்க வழக்கில் வேரூன்றியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. வடசொற்கள் மிக்க நடை இன்று நமக்குச் சற்றுக் கரடுமுரடாகத் தோன்றலாம். எனினும், வீரமாமுனிவரின் உரைநடை வளம் இத்தடத்தின் மேல்தான் நடந்து வந்தது எனலாம். நொபிலியின் நூல்களை ச. இராசமாணிக்கம் அடிகளார் இருபதாம் நூற்றாண்டில் அரிதின் முயன்று பதிப்பித்துத் தமிழுலகுக்கு மீட்டளித்தார்.

காணாமல் விட்ட நன்மை

இனி அப்பெரும் வினாவுக்கு வருவோம். பூணூல் சமயச் சின்னமன்று, குலச் சின்னமே என்று மெய்ப்பித்ததில்தான் நொபிலியின் வெற்றி அடங்கியிருந்தது. குலச் சின்னம் ஆகையால் அது தீங்கற்றது என்று அவர் கொண்டார். நாம் ஐயுற வேண்டிய இடமும் அதுவே. குலச் சின்னம் என்பதனாலேயே அது பிறரைத் தாழ்த்துவதும் ஆகுமன்றோ? மக்களின் பண்பாடு என்று அவர் முதலில் கண்டது மேற்குலத்தாரின் பண்பாட்டையே. பரதவரோடு ஒட்டி வாழ்ந்தால் மேற்குலத்தார் அணுகார் என்று தனி இல்லமும் தனிக் கோவிலும் கொண்டார். கடலோடு போராடி வாழ்ந்த அம்மக்களிடமும் மொழி இருந்தது, பாட்டு இருந்தது, அறம் இருந்தது. அவற்றை அளக்கும் கோல் அவர் கையில் இல்லை.

உரோமை ஆணையே இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை விடுத்தது. உயர்குடியினர் எளியோரை இகழலாகாது, கோவிலில் அவர்களோடு சேர்ந்தே இறைமொழி கேட்டு அருட்சாதனம் பெறவேண்டும் என்று அது வற்புறுத்தியது. அறிவுரை ஏட்டில் நின்றது. பிரிவினை கோவிலுக்குள் நின்றது. 1640 முதல் இயேசு சபையார் பண்டாரசுவாமிகள் என்னும் மற்றொரு துறவியர் வரிசையை ஏற்படுத்தினர். பல்தசார் த கோஸ்தா அதில் முதல்வர். எல்லாக் குலத்தாரோடும் பழகி, தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் அவர்கள் பணியாற்றினர். பின்னாளில் ஓரியூரில் 1693 இல் உயிர்நீத்த அருளானந்தரும் அவ்வரிசையினரே. இது குறைக்கு ஒரு பாதி மருந்து. குருமாரிலேயே இருவகை என்னும் நிலை, நோயை ஒப்புக்கொண்டதேயன்றித் தீர்க்கவில்லை.

எனினும் நீதி கருதி ஒன்று சொல்லவேண்டும். நொபிலியைக் குறை காண்பதற்கு நாம் பயன்படுத்தும் அளவுகோலும் ஓரளவு அவர் தந்ததே. எந்த மக்களின் வாழ்விலும் இறைவன் தன் நன்மையை வைத்திருக்கிறான் என்று கொண்டவர், அதை ஒரு குலத்தோடு நிறுத்தியதே பிழை. கொள்கை பெரிது, பார்வைதான் குறுகிற்று.

மயிலையில் இறுதி நாள்கள்

1640 இல் மதுரையில் நொபிலி சிறைப்பட்டார். முதுமையில் பார்வை மங்கிற்று. யாழ்ப்பாணம் சென்று, பின்னர் மயிலாப்பூர் வந்து சேர்ந்தார். ஜார்ஜ் கோட்டை எழும்பத் தொடங்கிப் பத்தாண்டுகள்கூட நிரம்பாத காலம் அது. போர்த்துகீசியர் வாழ்ந்த சாந்தோமில் தங்காமல், ஊருக்கு வெளியே ஒரு குடிசையில் அதே எளிய உணவோடு வாழ்ந்தார். கண் ஒளி இழந்த நிலையிலும் நூற்பணியை விடவில்லை. 1656 சனவரி 16 இல் அங்கேயே இயற்கை எய்தினார். எழுபத்தெட்டு ஆண்டு வாழ்வில் ஐம்பதாண்டு இந்திய மண்ணுக்கு உரியதாயிற்று.

அவருக்குப் பின் வழக்கு மீண்டும் மூண்டது. 1704 இலும் 1744 இலும் வந்த ஆணைகள் பல வழக்கங்களுக்குத் தடையிட்டன. அவை பற்றிக் குருமார் எடுக்கவேண்டியிருந்த உறுதிமொழி 1940 இல்தான் நீங்கியது. 1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று உலகறிய அறிவித்தது. மதுரையில் ஒரு தனிமனிதர் தொடங்கிய தேடலுக்கு முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த ஒப்புதல் என்று இதனைக் கருதலாம்.

நொபிலி காணாமல் விட்டதைக் காண நாம் தொலைவு செல்லவேண்டுவதில்லை. இராயபுரத்துத் தூய பேதுரு ஆலயம், கடலோடிகளாகிய குருகுல வம்சத்தார் தம் பொருளால் 1829 இல் எழுப்பியது. அலையில் படகு தள்ளிய கைகள் எடுத்த கோவில் அது. துறைமுகத்து உழைப்பாளியும், எண்ணூர்க் கழிமுக மீனவரும், வியாசர்பாடியின் எளிய குடும்பங்களும் பேசும் தமிழிலும் நன்மை உண்டு, நுண்மை உண்டு. எந்தக் குலத்தையும் உயர்த்திப் பாராத மகாகவி பாரதியின் பெயரால் அமைந்த நகரில் பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தின் கவிஞர்கள், கற்ற பின் பேசும் பணிவை நொபிலியிடம் பெறுவார்களாக. அவர் பார்வை எட்டாத தெருக்களிலும் அப்பணிவோடு நுழைவார்களாக. வட்டம் மேலும் வளர்க.