ஊரே ஓடியபோது நின்றவர்

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவுல இருக்கிற திருவேற்காடு உங்களுக்குத் தெரிஞ்ச ஊர்தான். வீட்டுல யாருக்காவது அம்மை போட்டா வாசல்ல வேப்பிலை சொருகுவாங்க, குணமானதும் கருமாரியம்மன் கோவிலுக்குப் போயிட்டு வருவாங்க. ஆனால் நமக்குத் தெரிஞ்சதெல்லாம் சின்னம்மைதான். பெரியம்மையை நம்ம தலைமுறை பார்த்ததே இல்லை. அது உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டதாக 1980-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதற்கு முன்னால் அது வந்தால், 10 பேரில் 3 பேர் போய்விடுவார்கள். பிழைத்தவர்களுக்கு முகமெல்லாம் தழும்பு, சிலருக்குக் கண்ணே போய்விடும்.

அந்தப் பெரியம்மை 1697-ல் இலங்கையின் கண்டி நகருக்குள் புகுந்தது. ஊரே ஓடியது. ஓடாமல் நின்ற ஒருவரின் கதைதான் இது.

பெயர் யோசேப் வாஸ். 1651 ஏப்ரல் 21 அன்று கோவாவில் பெனாலிம் என்ற ஊரில் பிறந்தார். கொங்கணி பேசும் குடும்பம். பிராமண வம்சத்திலிருந்து கத்தோலிக்கம் தழுவியவர்கள். 1676-ல் குருவானார். கோவாவிலேயே வசதியாக இருந்திருக்கலாம். ஆனால் அவர் மனசு இலங்கைப் பக்கமே இருந்தது.

ஏன் இலங்கை? அங்கே போர்ச்சுகீசியரைத் துரத்திவிட்டு டச்சுக்காரர்கள் வந்திருந்தார்கள். 1656-ல் கொழும்பு, 1658-ல் யாழ்ப்பாணம் அவர்கள் கைக்குப் போனது. இரண்டு பேருமே கிறிஸ்தவர்கள்தான். ஆனால் டச்சுக்காரர்கள் வேறு பிரிவு. கத்தோலிக்கக் குருமார்களுக்குத் தடை போட்டார்கள், ஒளித்து வைப்பவர்களுக்கும் கடும் தண்டனை. அதனால் ஏறக்குறைய 30 வருஷம் அங்கிருந்த கத்தோலிக்க மக்களுக்கு ஒரு குருவும் இல்லை.

வாஸ் தூத்துக்குடிக்கு வந்து தமிழ் கற்றார். பிறகு 1687-ல் கூலியாள் மாதிரி வேஷம் போட்டுக் கப்பலேறி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். போனதுமே வயிற்றுக்கடுப்பு. படுத்த படுக்கை. யாரோ சிலர் கொடுத்த கஞ்சியில்தான் உயிர் பிழைத்தார். பின்னாடி அவர் செய்த வேலையைப் புரிஞ்சுக்க இந்தக் கஞ்சி முக்கியம், ஞாபகம் வெச்சுக்கோங்க. உடம்பு தேறியதும் கழுத்தில் ஜெபமாலை போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். மாலையைப் பார்த்து யார் முகம் மாறுது என்று பார்த்து, மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கர்களைக் கண்டுபிடித்தார். சில்லாலை என்ற ஊரில் தங்கி இரவு நேரத்தில் பூசை செய்தார். டச்சுக்காரர்களுக்கு விஷயம் தெரிந்ததும் புத்தளம் பக்கம் நகர்ந்தார்.

1692-ல் கண்டிக்குள் நுழைந்தார். கண்டி அப்போது டச்சுக்காரர் கைக்குப் போகாத தனி ராஜ்யம். ராஜா இரண்டாம் விமலதர்மசூரியன், பௌத்தர். இவர் போர்ச்சுகீசிய ஒற்றர் என்று யாரோ போட்டுக் கொடுக்க, நேராகச் சிறை. அங்கே அவர் சும்மா உட்காரவில்லை, சிங்களம் கற்றுக்கொண்டார். கொஞ்சம் கொஞ்சமாக ராஜாவுக்கு நம்பிக்கை வந்தது, ஊருக்குள் நடமாட அனுமதி கிடைத்தது.

அப்போதுதான் பெரியம்மை வந்தது. ராஜாவும் நகரத்தை விட்டுப் போனார். முடிந்தவர்கள் எல்லாம் கிளம்பினார்கள். நோயாளிகளைச் சொந்தக்காரர்களே காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. மருந்து கிடையாது, தடுப்பூசி கிடையாது. ஜென்னர் தடுப்பூசியைக் கண்டுபிடித்தது இதற்கு 99 வருஷம் கழித்து, 1796-ல். பயம் நியாயமான பயம்.

வாஸ் தங்கிவிட்டார். கூடவே அவர் அக்கா தங்கை வழி உறவான யோசேப் கார்வாலோ என்ற இளம் குருவும் நின்றார். காட்டில் கிடந்தவர்களுக்குக் குடிசை போட்டார்கள். காலியான வீடுகளை ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். புண்ணைக் கழுவினார்கள், சோறு ஆக்கினார்கள், ஊட்டினார்கள், செத்தவர்களைக் குழி தோண்டிப் புதைத்தார்கள்.

இதனால் நோய் குணமாகுமா என்று நீங்க கேட்கலாம். வைரஸை இது கொல்லாது. ஆனால் பெரியம்மையில் வாய்க்குள்ளும் தொண்டையிலும் புண் வரும், விழுங்க முடியாது. கடும் காய்ச்சல், உடம்பில் நீர் வற்றிவிடும். அந்த நிலையில் தனியாகக் காட்டில் கிடப்பவருக்கு யாராவது தண்ணீரும் கஞ்சியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால், பிழைக்க ஒரு வாய்ப்பாவது கிடைக்கும். மருந்து இல்லாத காலத்தில் பராமரிப்புதான் மருத்துவம். யாழ்ப்பாணத்தில் தனக்குக் கிடைத்ததை அவர் கண்டியில் திருப்பிக் கொடுத்தார்.

ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. அவர் மதம் பரப்ப வந்தவர்தான். ஆனால் குடிசைக்குள் படுத்திருந்தவரிடம் நீ பௌத்தனா, இந்துவா, கத்தோலிக்கனா என்று கேட்டுவிட்டுக் கஞ்சி ஊற்றவில்லை. ஒற்றர் என்று தன்னைச் சிறையில் தள்ளிய ஊர் என்றும் பார்க்கவில்லை. ராஜா கடைசிவரை பௌத்தராகவே இருந்தார். ஆனாலும் தன் ராஜ்யத்தில் சுதந்திரமாகப் பணி செய்ய வாஸுக்கு அனுமதி கொடுத்தார்.

அதன்பின் பல வருஷம் நடந்தே ஊர் ஊராகச் சுற்றினார். 1711 ஜனவரி 16 அன்று கண்டியிலேயே இறந்தார், வயது 59. 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

300 வருஷத்துக்கு முந்தைய கதை இப்போ எதுக்கு என்று தோணுதா? 2020 ஏப்ரலை நினைச்சுப் பாருங்க. கொரோனாவில் இறந்த ஒரு டாக்டரின் உடலைத் தகனம் செய்ய நம்ம அம்பத்தூரிலேயே எதிர்ப்பு கிளம்பியது. கண்டியில் இருந்த அதே பயம்தான். ஆனால் 1697-ல் யாருக்கும் வைரஸ் என்றால் என்னவென்று தெரியாது. நமக்குத் தெரியும். மாஸ்க் இருந்தது, கையுறை இருந்தது, உடலை எப்படிக் கையாளணும் என்ற விதிமுறையும் இருந்தது.

அதே வருஷம்தான் பூட்டிய கதவுக்கு வெளியே சாப்பாட்டுப் பொட்டலம் வைத்துவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள். அடுத்த தொற்றுநோய் எப்போ வரும் என்று தெரியாது. வந்தால் எல்லாரும் வாஸ் மாதிரி ஆக வேண்டும் என்று இல்லை. பக்கத்து வீட்டு வாசலில் ஒரு தூக்கு கஞ்சி வைக்கிற அளவுக்காவது நாம் நிற்போமா? அதை மட்டும் இப்போதே முடிவு பண்ணி வெச்சுக்கோங்க நண்பர்களே.