சோதனைத் துண்டில் வாழும் பெயர்: பெர்னாண்ட் விடால்

நெருப்புக்காய்ச்சல் சந்தேகம் வந்தால் வைத்தியர் எழுதித்தரும் துண்டில் ‘விடால்’ என்ற சொல்லைப் பலர் கண்டிருப்பீர்கள். அதை ஏதோ மருந்தின் பெயரென்று நினைத்தவர்களை ஆய்வுகூட வேலையில் நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். அது ஒரு பிரெஞ்சு வைத்தியரின் பெயர்.

பெர்னாண்ட் விடால் 1862 இல் அல்ஜீரியாவின் டெலிஸ் நகரில் பிறந்தார். பாரிஸில் மருத்துவம் பயின்று அங்கேயே பணியாற்றினார். நெருப்புக்காய்ச்சல் அப்போது பல வாரங்கள் நீடித்து உயிரைப் பறிக்கும் நோய். வேறு காய்ச்சல்களிலிருந்து அதைப் பிரித்தறிவதே பெரும்பாடு. 1888 இல் ஷாந்தமெஸ் என்பவருடன் சேர்ந்து, சூடாக்கிக் கொன்ற பக்ரீரியாக்களை எலிகளுக்கு ஏற்றினால் அவை நோயிலிருந்து தப்பும் என்று காட்டினார்.

1896 இல் வியன்னாவில் குரூபரும் டேர்ஹாமும் ஒன்றைக் கவனித்தார்கள். எதிர்ப்புச் சக்தி பெற்ற விலங்கின் குருதி நீர்ப்பாயத்தைச் சேர்த்தால், தனித்தனியாக நீந்தும் பக்ரீரியாக்கள் திரண்டு அடியில் படிந்தன. இனந்தெரியாத பக்ரீரியாவை அடையாளம் காண அது உதவும் என்பது அவர்களின் எண்ணம். விடால் அதைத் தலைகீழாக்கினார். பக்ரீரியா தெரிந்தது, நோயாளியின் குருதிதான் தெரியாதது. காய்ச்சல் காயும்போதே குருதியில் அந்தத் திரட்டும் தன்மை தோன்றிவிடுகிறது என்று அதே ஆண்டு ஜூனில் அறிவித்தார். குரூபரின் ஆய்வுகூடத்தில் குருன்பாமும் இதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தார். எனவே சில நாடுகளில் வழங்கும் ‘குரூபர்-விடால்’ என்ற பெயரே நியாயமானது என்பேன்.

திரளுவது எப்படி? நோயாளியின் பிறபொருளெதிரிகள் பக்ரீரியாவின் மேற்பரப்பைப் பற்றி, ஒன்றை இன்னொன்றுடன் பிணைக்கின்றன. நீண்ட சவுக்குமுளைகளைப் பற்றினால் பஞ்சுபோன்ற தளர்வான திரள்கள் விரைவாக வரும். இதுதான் ‘எச்’. உடற்சுவரைப் பற்றினால் மணல்போன்ற நுண்ணிய, இறுக்கமான திரள்கள் மெதுவாக வரும். அது ‘ஓ’. கண்ணாடித் தட்டை வெளிச்சத்தில் சரித்துப் பார்க்கும்போது இந்த வேறுபாடு எனக்கு இன்றும் அதிசயம்தான்.

சிறுநீரக நோயாளரின் உடல் வீங்குவதில் உப்புக்குள்ள பங்கையும் விடால் விளக்கினார். உப்பில்லாப் பத்தியம் பரவியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1929 இல் பாரிஸில் காலமானார்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1934 இல், பீலிக்ஸும் பிற்றும் இந்தப் பக்ரீரியாவின் மேல் இன்னொரு போர்வையைக் கண்டுபிடித்தனர். ‘விஐ’ எனப்படும் அது சுவரை மூடியிருந்தால், ஓ பிறபொருளெதிரி இருந்தும் பக்ரீரியா திரளாது. கொதிக்கவைத்தால் போர்வை நீங்கித் திரளும்.

மறுபக்கமும் உண்டு. முன்பு நோய் வந்தவர், தடுப்பூசி போட்டவர், மேற்பரப்பில் ஒத்த வேறு சல்மொனெல்லா தொற்றியவர் ஆகியோரின் குருதியும் திரட்டலாம். ஒரேயொரு விடால் முடிவைப் பார்த்து நுண்ணுயிர்க்கொல்லி தொடங்குவதை நான் விரும்பாதது இதனால்தான். நாட்கள் இடைவிட்டு எடுத்த இரு மாதிரிகளில் நான்கு மடங்கு ஏற்றம் இருந்தால் அது வேறு கதை. முடியுமானால், மருந்து தொடங்குமுன் குருதி வளர்ப்புச் சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.