மயக்க மருந்துக்கு அளவு கண்ட டாக்டர் ஜான் ஸ்னோ

ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு அச்சந்தான். ஆயினும் குடல்வால் நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்து திரும்பிய தோழியரைக் கேட்டால், உறங்கியதும் தெரியாது, வயிற்றைக் கீறியதும் தெரியாது என்கிறார்கள். 1846ஆம் ஆண்டுக்கு முன் பெரும்பாலோர் இப்படிச் சொல்லியிருக்க முடியாது. அந்நாளில் நோயாளியை மேசைமேல் அழுத்திப் பிடிக்கவே நாலைந்து பேர் வேண்டும். எவர் விரைந்து அறுத்து முடிக்கிறாரோ அவரே சிறந்த மருத்துவர்.

1846 அக்டோபர் 16ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மார்ட்டன் என்னும் பல் மருத்துவர் ஈதர் ஆவியால் ஒரு நோயாளியை மயக்கிக் காட்டினார். மறு ஆண்டு எடின்பரோவில் டாக்டர் சிம்ப்சன் குளோரோபாமைக் கொண்டுவந்தார். இவ்விருவர் பெயரும் நமக்குப் பழக்கமானவை. ஆனால் எவ்வளவு கொடுத்தால் உறக்கம், எவ்வளவு கொடுத்தால் மரணம் என்று முறையாக ஆராய்ந்தவர் மற்றொருவர். அவரே ஜான் ஸ்னோ.

ஸ்னோ 1813 மார்ச் 15ஆம் நாள் இங்கிலாந்தின் யார்க் நகரில் ஓர் எளிய தொழிலாளியின் மூத்த மகனாகப் பிறந்தார். உடன்பிறந்தோர் எண்மர். பதினான்கு வயதில் நியூகாசில் நகருக்குச் சென்று ஒரு மருத்துவரிடம் தொழில் பயின்றார். பதினேழு வயதில் புலால் உணவைக் கைவிட்டார்; மதுவையும் விலக்கினார். 1836இல் மருத்துவக் கல்விக்காக லண்டனுக்குப் புறப்பட்டவர், லிவர்பூலையும் வேல்ஸ் நாட்டையும் சுற்றிக்கொண்டு கால்நடையாகவே போய்ச் சேர்ந்தாராம்! 1844இல் எம்.டி. பட்டம் பெற்றார். கூச்ச சுபாவம் உள்ளவர், திருமணம் செய்துகொள்ளவில்லை.

ஈதர் லண்டனுக்கு வந்தது 1846 டிசம்பரில். சிலர் அதை முகர்ந்து அயர்ந்தனர். சிலர் மயங்காமல் அலறினர். மருந்து பயனற்றது என்று பலரும் கைவிடத் தொடங்கிய வேளையில், ஸ்னோ அதன் காரணத்தைத் தேடினார். காற்று குளிர்ந்திருந்தால் ஈதர் குறைவாக ஆவியாகும்; வெப்பம் ஏற ஏற மிகுதியாக ஆவியாகும். அப்படியானால் ஒரே கருவி இன்று ஓர் அளவும் நாளை வேறோர் அளவும் கொடுக்கும் அல்லவா? எந்த வெப்பநிலையில் காற்றில் எவ்வளவு ஈதர் கலக்கும் என்பதை 1847 ஜனவரியிலேயே அட்டவணையாக வெளியிட்டார். ஈதர்க் கலத்தை வெப்பநிலை தெரிந்த நீரில் அமிழ்த்தி வைக்கும் கருவியையும், வெளிக்காற்றை வேண்டிய அளவு கலந்துகொள்ளத் திறப்பு உள்ள முகமூடியையும் அமைத்தார். மருந்துகளைத் தாமே முகர்ந்தும் சோதித்தார். மயக்கத்தின் ஆழத்தை ஐந்து படிகளாகப் பிரித்து, மூச்சும் கண்ணும் தசையும் ஒவ்வொரு படியிலும் எப்படி இருக்கும் என்று அவ்வாண்டே ஒரு நூலில் எழுதினார்.

1848 ஜனவரி 28ஆம் நாள், நியூகாசிலுக்கு அருகே வின்லேட்டன் என்னும் ஊரில் ஹன்னா கிரீனர் என்ற சிறுமிக்குக் கால்விரல் நகத்தை எடுக்கக் குளோரோபாம் கொடுத்தனர். துணியில் ஊற்றி மூக்கருகே பிடித்தனர். சில நிமிடங்களில் அவள் இறந்தாள். வயது பதினைந்து. நம்மில் பலருடைய வயதுதான்! குளோரோபாமால் நேர்ந்ததாகப் பதிவான முதல் மரணம் இதுவே. துணியிலிருந்து வரும் ஆவிக்கு அளவே இல்லை, செறிவு மிகுந்த ஆவி இதயத்தை நிறுத்திவிட்டது என்றார் ஸ்னோ. காற்றில் நூற்றுக்கு நான்கு அல்லது ஐந்து பங்குக்கு மேல் குளோரோபாம் கலக்கலாகாது என்பது அவர் முடிவு. அச்சிறுமி இறந்த காரணம் குறித்து மருத்துவர்கள் பிற்காலத்திலும் வாதிட்டுள்ளனர். ஆயினும் நோயாளியைக் குறை சொல்லாமல், மருந்து கொடுத்த முறையை அவர் கேள்வி கேட்டதே பெரிது என்று நமக்குத் தோன்றுகிறது.

1853 ஏப்ரல் 7ஆம் நாள் விக்டோரியா அரசியார் தம் எட்டாம் குழந்தையைப் பெற்றபோது குளோரோபாம் கொடுத்தவர் ஸ்னோவே. அப்போது அவர் கையில் இருந்தது ஒரு கைக்குட்டை! துணியைக் கண்டித்தவர் துணியையே எடுத்தாரே என்று நாம் வியக்கலாம். ஆனால் வலி வரும்போது மட்டும், ஒரு மில்லி லிட்டருக்கும் சற்றுக் குறைவாக அளந்து தெளித்தார். அரசியார் உணர்வு இழக்கவில்லை. வலி மட்டும் தணிந்தது. இவ்வாறு 53 நிமிடங்கள் கொடுத்தார். இயற்கையான பிரசவத்துக்கு இம்மருந்து தகுமா என்று மருத்துவ இதழ் ஒன்று சினந்து எழுதியது. 1857இல் அரசியார் மீண்டும் அவரையே அழைத்தார். அரண்மனைச் செய்தி கேட்டவர்களுக்கு அவர் பிடிகொடுக்கவில்லை. அரசியார் என்ன சொன்னார் என்று கூறினால்தான் மருந்தை முகர்வேன் எனப் பிடிவாதம் பிடித்த பெண்மணியிடம், முதலில் முகருங்கள், பிறகு சொல்கிறேன் என்றாராம். அவர் விழித்தபோது டாக்டர் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்!

1854இல் லண்டனில் காலரா பரவியபோது, நோய்க்குக் காரணம் கெட்ட காற்று அன்று, பிராட் தெருக் குழாய்த் தண்ணீரே என்று காட்டியவரும் இவரே. அது தனியே எழுத வேண்டிய கதை. ஆவிகளை அளந்து பழகியவரைக் கெட்ட காற்று என்ற பேச்சு ஏமாற்ற முடியவில்லை.

அமிலீன் என்ற புதிய மருந்தை அவரே அறிமுகம் செய்து 238 பேருக்குக் கொடுத்தார். இருவர் இறந்தனர். இரண்டையும் மறைக்காமல் எழுதிவிட்டு அம்மருந்தைக் கைவிட்டார். குளோரோபாமை நாலாயிரம் முறைக்கு மேல் கொடுத்தவர் அவர். அம்மருந்தால் நேர்ந்த 50 மரணங்களையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்து பெரிய நூல் ஒன்றை எழுதினார். அந்நூலின் முடிவை எழுதிக்கொண்டிருந்தபோது, 1858 ஜூன் 10ஆம் நாள் பக்கவாதம் தாக்கியது. 16ஆம் நாள் காலமானார். வயது 45. நண்பர் ரிச்சர்ட்சன் நூலை அச்சிட்டார்.

நம் நாட்டு ஹைதராபாதில் 1888, 1889 ஆண்டுகளில் நிஜாம் ஆதரவில் நடந்த ஆய்வுகள், குளோரோபாம் முதலில் மூச்சையே நிறுத்தும், இதயத்தை அல்ல என்று கூறி ஸ்னோவை மறுத்தன. (அந்நகரின் மருத்துவப் பள்ளியில் அக்காலத்தில் பயின்ற ரூபாபாய் பர்தூன்ஜி, உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர்களுள் ஒருவர் என்பது நமக்குப் பெருமை.) இதயம் திடீரென நிற்கக்கூடும் என்பதை 1911இல் லேவி என்பவர் சோதனையால் மெய்ப்பித்தார்.

இன்று அறுவைச் சிகிச்சையில் குளோரோபாம் வழக்கொழிந்துவிட்டது. நோயாளியின் விரல் நுனியில் மாட்டும் சிறு கருவி இரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜனைக் கணத்துக்குக் கணம் காட்டுகிறது. மயக்க மருந்து இயந்திரத்தில் ஆவியின் சதவீதத்தைக் குறித்து வைக்க ஒரு திருகு உண்டு. அறை குளிர்ந்தாலும் சூடேறினாலும் அந்த அளவு மாறாதபடி அதை அமைத்திருக்கிறார்கள்.