வீட்டுக்குள் கடலைக் கொண்டுவந்த மனிதர்: மீன் தொட்டி மோகம் எப்படித் தொடங்கியது, விழிஞ்ஞம் என்ன சொல்கிறது?

திருவனந்தபுரம் பக்கம் போனால் கோவளத்தோடு திரும்பிடாதீங்க. கொஞ்சம் தெற்கே தள்ளி விழிஞ்ஞம் வரைக்கும் போய்ப் பாருங்க. ஒரு காலத்தில் ஆய் மன்னர்களின் துறைமுகம். 2025 மே மாதம் திறக்கப்பட்ட சர்வதேசத் துறைமுகத்தால் இப்போது நாடு முழுக்கத் தெரிந்த பெயர்.

ஆனால் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த ஊர் வேறொரு காரணத்துக்காக முக்கியம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் ஒன்று இங்கே இருக்கிறது. கூடவே 'சாகரிகா' என்ற பெயரில் கடல் மீன் காட்சியகமும் உண்டு. 'நீமோ' என்று நாம் செல்லமாகக் கூப்பிடும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்து, குஞ்சு பொரித்து வளர்க்கும் வேலையை இந்தியாவில் முன்னின்று செய்த இடங்களில் இதுவும் ஒன்று.

பக்கத்திலேயே கடல் இருக்கிறது. வலையைப் போட்டால் மீன் கிடைக்கும். அப்புறம் எதற்கு இவ்வளவு சிரமப்பட்டுக் குஞ்சு பொரிக்க வேண்டும்?

இதற்கான பதில், 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு ஆங்கிலேயரின் வாழ்க்கையில் இருக்கிறது. அவர் பெயர் ஃபிலிப் ஹென்றி காஸ். உங்கள் ஹாலில் இருக்கும் கண்ணாடித் தொட்டிக்கு 'அக்வேரியம்' என்ற பெயரைப் பரப்பியவர் அவர்தான்.

யார் இந்த காஸ்?

1810 ஏப்ரல் 6 அன்று இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் பிறந்தார். அப்பா ஊர் ஊராகப் போய்ச் சின்ன அளவில் உருவப்படம் வரைந்து பிழைத்தவர். வீட்டில் பெரிய வசதி கிடையாது. பூல் என்ற துறைமுக ஊரில் வளர்ந்த காஸுக்குக் கடல் உயிர்களைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய அத்தை சூசன் பெல். பாறையில் பூப்போல ஒட்டிக்கொண்டிருக்கும் கடல் சாமந்தியை, அதாவது அனிமோனை, காஸ் சின்ன வயதிலேயே அறிந்தது அத்தையால்தான்.

காலேஜ் படிப்பெல்லாம் இல்லை. 17 வயதில், 1827-ல், வேலைக்காக அட்லாண்டிக் கடலைத் தாண்டினார். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு வணிக நிறுவனத்தில் கணக்குப் பிள்ளை வேலை. எட்டு வருஷம் அங்கேதான். பகலில் பேரேடு, மற்ற நேரம் பூச்சிகள். மைக்ரோஸ்கோப் பற்றிய பழைய புத்தகம் ஒன்று கைக்குக் கிடைத்தது. அதிலிருந்து நுண்ணுயிர்கள் மீது வந்த ஈர்ப்பு கடைசி வரைக்கும் விடவில்லை.

அடுத்து கியூபெக் பகுதியில் விவசாயம் செய்து பார்த்தார். மூன்று வருஷத்தில் நஷ்டம். 1838-ல் அமெரிக்காவின் அலபாமாவில் சில மாதங்கள் ஆசிரியர் வேலை. அங்கே கண்ட அடிமை முறை அவரை உலுக்கியது. 1839-ல் ஊர் திரும்பியபோது வயது 28. கையில் காசு இல்லை. குறிப்பேடுகளும் ஓவியங்களும்தான் இருந்தன.

அந்தக் குறிப்புகள்தான் அவருக்குச் சோறு போட்டன. 1840-ல் கனடாவின் இயற்கை பற்றி முதல் புத்தகம் வந்தது. 1844-ல் ஜமைக்காவுக்குப் போய் ஒன்றரை வருஷம் பறவைகளை ஆராய்ந்தார். அங்கே ரிச்சர்ட் ஹில் என்ற உள்ளூர் அறிஞர் செய்த உதவியை, 1847-ல் வந்த பறவைப் புத்தகத்தின் முகப்பிலேயே பெயர் போட்டு ஒப்புக்கொண்டார். 1848-ல் எமிலி போவ்ஸுடன் திருமணம். மறு வருஷம் ஒரே மகன் எட்மண்ட் பிறந்தான்.

தொட்டிக்குள் கடல் வந்தது எப்படி?

1852-ல் ஓயாத உழைப்பால் காஸின் உடம்பு படுத்துவிட்டது. ஓய்வுக்காகக் குடும்பத்தோடு டெவன் கடற்கரைக்குப் போனார். ஓய்வு எடுத்தாரா? இல்லை. கடல் உள்வாங்கும் நேரம் பார்த்து, இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பாறைக் குழிகளைத் துழாவிக்கொண்டிருந்தார்.

சுத்தியலும் உளியும் வைத்துப் பாறையோடு சேர்த்துக் கடல் பாசியையும் சாமந்தியையும் பெயர்த்து எடுத்து, கண்ணாடி ஜாடியில் கடல்நீர் ஊற்றி வளர்த்துப் பார்த்தார். தண்ணீரை மாற்றாமலே அவை வாரக்கணக்கில் உயிரோடு இருந்தன.

இதை அவர் ஒருவரே கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1832-லேயே சிசிலித் தீவில் ழான் வில்லப்ரூ-பவர் என்ற பெண், கடல் உயிர்களை ஆராயக் கண்ணாடித் தொட்டி செய்திருந்தார். 1840-களில் ஆனா தின் என்ற பெண் லண்டன் வீட்டிலேயே பவள உயிர்களை வளர்த்துக் காட்டினார். 1850-ல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் தங்கமீன், நத்தை, வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடி மூன்றையும் ஒரே தொட்டியில் வைத்தார். செடி ஆக்சிஜன் தரும், மீன் அதைச் சுவாசிக்கும், நத்தை அழுகலைத் தின்னும் என்று இந்த மூன்றுக்கும் உள்ள சமநிலையை விளக்கினார்.

காஸ் செய்தது என்னன்னா, இந்த அறிவைச் சாதாரண வீடுகளுக்குக் கொண்டுபோனதுதான். 1853-ல் லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் உலகின் முதல் பொது மீன் காட்சியகம் திறந்தபோது, அதற்குக் கடல் உயிர்களைச் சேகரித்துக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் அவர். 1854-ல் 'தி அக்வேரியம்' என்ற புத்தகம் வந்தது. அவரே வரைந்த வண்ணப் படங்கள், தொட்டி அமைக்கும் முறை, சேகரிக்கும் முறை எல்லாம் அதில் இருந்தன. கடல் பக்கத்தில் இல்லாதவர்களுக்காக, உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் தயாரிக்கும் கணக்கையும் அதே வருஷம் வெளியிட்டார். இன்று கடையில் 'மரைன் சால்ட்' பாக்கெட் வாங்கி, லிட்டருக்கு சுமார் 35 கிராம் கணக்கில் கலக்கிறீங்க இல்லையா? அந்த வழக்கத்தின் தொடக்கம் அங்கேதான்.

மோகம் பிடித்தது, கரை காலியானது

நேரமும் சரியாக அமைந்தது. 1845-ல் பிரிட்டனில் கண்ணாடி மீதான வரியை நீக்கியிருந்தார்கள். ரயில் வந்துவிட்டதால் நகரத்து மக்கள் சுலபமாகக் கடற்கரைக்குப் போக முடிந்தது. கையில் காஸின் புத்தகம், பையில் சுத்தியல், உளி, ஜாடி. காஸே கடற்கரைக்கு ஆட்களைக் கூட்டிப்போய் வகுப்பு எடுத்தார். லண்டனில் கடல் உயிர்களை விற்கவே கடைகள் முளைத்தன. வரவேற்பறையில் தொட்டி இல்லாவிட்டால் கௌரவக் குறைச்சல் என்ற நிலை.

அந்தத் தொட்டிகளில் பெரும்பாலானவை என்ன ஆகியிருக்கும்னு நீங்களே ஊகிக்கலாம். முதல் முறை தொட்டி வாங்கி, அன்றைக்கே பத்து மீன் போட்டு, ஒரு வாரத்தில் எல்லாம் மிதப்பதைப் பார்த்தவர்கள் நம்மிலும் நிறையப் பேர். காரணம் அம்மோனியா. மீனின் கழிவிலிருந்து வரும் இந்த விஷத்தை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவு ஆபத்தில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுவது பாக்டீரியாக்கள். புதுத் தொட்டியில் அவை பெருக சில வாரங்கள் ஆகும். இந்த பாக்டீரியாக்களை செர்கேய் வினோகிராட்ஸ்கி பிரித்தறிந்தது 1890-ஐ ஒட்டித்தான். அதாவது, காஸ் காலத்தில் யாருக்கும் இது தெரியாது. தொட்டியில் உயிர்கள் செத்தன. மக்கள் மறுபடி கடற்கரைக்குப் போய் இன்னும் கொண்டுவந்தார்கள்.

இதற்கிடையே காஸின் சொந்த வாழ்க்கையும் சரிந்தது. 1857 பிப்ரவரியில் எமிலி மார்பகப் புற்றுநோயால் இறந்தார். எட்மண்டுக்கு அப்போது ஏழு வயது. காஸ் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை கொண்டவர். பாறைகள் காட்டும் பூமியின் பழமையையும் பைபிளின் படைப்புக் கதையையும் இணைக்க முயன்று, அதே வருஷம் 'ஓம்ஃபலோஸ்' என்ற புத்தகம் எழுதினார். கடவுள் உலகைப் படைக்கும்போதே பழமையின் தடயங்களோடு படைத்தார் என்பது அவர் வாதம். விஞ்ஞானிகளும் ஏற்கவில்லை, மத நம்பிக்கையாளர்களும் ஏற்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து டார்வினின் புத்தகம் வந்தது. மனம் உடைந்த காஸ், மகனோடு டெவனிலேயே போய்க் குடியேறினார்.

அங்கே அவர் எழுதிய பிரிட்டிஷ் கடல் சாமந்திகள் பற்றிய பெரிய நூல் 1860-ல் முழுமையானது. ஆனால், அவர் வரைந்து பதிவு செய்த அந்தப் பாறைக் குழிகளையே அவருடைய வாசகர்கள் காலி செய்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கோடையும் கூட்டம் கூட்டமாக வந்து பெயர்த்துப் போனார்கள். சிறுவனாக அப்பாவோடு அந்தக் குழிகளைப் பார்த்த எட்மண்ட் பிற்காலத்தில் பெரிய இலக்கிய விமர்சகர் ஆனார். நம்ம சரோஜினி நாயுடுவுக்கு இந்தியாவைப் பற்றியே எழுதும்படி ஆலோசனை சொன்னவரும் இவர்தான். 1907-ல் வெளியான தன் வாழ்க்கை நூலில், அந்தக் கரைகளின் பழைய அழகு அழிந்துபோனதை அவர் பதிவு செய்தார். தன் புத்தகங்களே அதற்குக் காரணம் என்று அப்பா உணர்ந்து வருந்தியதையும் எழுதினார். கடலை அவ்வளவு நேசித்தவருக்கு இதைவிடப் பெரிய அடி இருக்க முடியாது.

கடைசி வேலை: கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்

1860-ல் எலைசா பிரைட்வென்னை மணந்த பிறகு காஸ் கொஞ்சம் அமைதியானார். ஆர்க்கிட் செடிகள் வளர்த்தார். மறுபடி மைக்ரோஸ்கோப்பைத் தூசி தட்டி எடுத்தார். 1886-ல், சி.டி. ஹட்சனோடு சேர்ந்து ரோட்டிஃபர்கள் பற்றிய பெரிய நூலை வெளியிட்டார். ரோட்டிஃபர் என்பது தண்ணீரில் மிதக்கும் மிகச்சிறிய உயிர். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. 1888 ஆகஸ்ட் 23 அன்று, 78 வயதில் காஸ் காலமானார்.

மறுபடி விழிஞ்ஞத்துக்கு வருவோம்

கோமாளி மீன் ஜோடி ஒன்று ஓட்டிலோ பாறையிலோ முட்டையிடும். ஆண் மீன் காவல் காக்கும். ஏழெட்டு நாளில், இருட்டிய பிறகு குஞ்சுகள் வெளியே வரும். அவற்றின் வாய் அவ்வளவு சின்னது. சாதாரண மீன் தீவனம் உள்ளேயே போகாது. அப்போ என்னதான் கொடுப்பார்கள்?

ரோட்டிஃபர். காஸ் தன் கடைசிக் காலத்தில் வரைந்து தள்ளிய அதே உயிர் வகை. பச்சை நுண்பாசியில் ரோட்டிஃபரை வளர்த்து, அதைக் குஞ்சுகளுக்கு ஊட்டி, பிறகு ஆர்டீமியாவுக்கு மாற்றுகிறார்கள். முதல் இரண்டு வாரத்தைத் தாண்டினால்தான் கோமாளி மீன் என்று சொல்லும்படி பட்டை விழும். விழிஞ்ஞத்திலும் நம்ம ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்திலும் இந்த நிறுவனத்தின் விஞ்ஞானிகள் கோமாளி மீன்களையும் டாம்செல் மீன்களையும் இப்படித்தான் பெருக்கினார்கள். தொட்டியில் பிறந்த ஒவ்வொரு மீனும், கடலில் பிடிக்கப்படாமல் தப்பித்த ஒரு மீனுக்குச் சமம்.

நன்னீர் மீனிலும் இதே கதைதான். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் மட்டும் வாழும் 'மிஸ் கேரளா' என்ற டெனிசன் பார்ப் மீனை, 1865-ல் அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் மெட்ராஸ் ராணுவ மருத்துவரான ஃபிரான்சிஸ் டே. பிற்காலத்தில் அலங்கார மீன் சந்தைக்காக ஆற்றில் அள்ளி அள்ளி ஏற்றுமதி செய்தார்கள். இன்று அது சர்வதேச அழியும் நிலைப் பட்டியலில் இருக்கிறது.

சரி, நீங்க என்ன செய்யலாம்?

கொளத்தூர் மீன் சந்தைக்கோ உங்கள் ஊர்க் கடைக்கோ போகும்போது விலை கேட்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்க: இது பண்ணையில் பிறந்ததா, பிடித்து வந்ததா? கப்பி, மோலி, ஏஞ்சல் மாதிரி நன்னீர் மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் வளர்ந்தவைதான். உலக அளவில் கடல் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை இன்னும் கடலில் பிடிக்கப்படுபவை. கோமாளி மீனுக்குப் பண்ணைக் குஞ்சு கிடைக்கிறது என்பதால், முதல் கடல் மீனாக அதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

கடல் குதிரையும், பாறை போல வளரும் பவளமும் வேண்டவே வேண்டாம். 2001 முதல் இவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம்.

தொட்டி வாங்கியதும் மீன் போட்டுவிடாதீங்க. ஃபில்டரை ஓடவிட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியத்துக்கு வரும் வரை சில வாரம் பொறுங்க. டெஸ்ட் கிட் விலை ஒன்றும் பெரிதில்லை. அந்தப் பொறுமைதான் உங்கள் தொட்டி மீனையும், அது செத்தால் அதற்குப் பதிலாகப் பிடிபடப் போகும் இன்னொரு மீனையும் காப்பாற்றும். காஸின் வாசகர்களுக்கு இதைச் சொல்ல அன்று யாரும் இல்லை.